குறை காதில், பழி நாவுக்கு

1883-ஆம் ஆண்டு ஒரு ஜெர்மானிய இளைஞர் வட துருவத்துக்குப் பக்கத்தில் உள்ள பாஃபின் தீவில் போய் இறங்கினார். பெயர் ஃபிரான்ஸ் போவாஸ், வயது 25. அவர் படித்தது இயற்பியல். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது நீரின் நிறத்தை. தீவின் கரைகளை வரைபடமாக்கவும், அங்கே வாழும் இனுயிட் மக்கள் பனியில் எப்படி இடம் மாறுகிறார்கள் என்று பார்க்கவும்தான் போனார். ஏறக்குறைய ஒரு வருஷம் அவர்களோடு இருந்தார். அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டார், அவர்கள் வண்டியில் போனார், காதில் விழுந்த சொற்களை நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

அமெரிக்கப் பழங்குடி மொழிகளைப் பற்றி அன்றைய அறிஞர்களிடம் ஒரு கருத்து உலவியது. அந்த மக்கள் ஒரே சொல்லை ஒரு நேரம் ஒரு மாதிரியும் இன்னொரு நேரம் வேறு மாதிரியும் உச்சரிக்கிறார்கள், ஒலிகள் இன்னும் கெட்டிப்படவில்லை, ஆகவே அவை வளராத மொழிகள் என்றார்கள். போவாஸ் தன் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். அவரும் ஒரே சொல்லை வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு விதமாக எழுதி வைத்திருந்தார். வேறு யாராவது இருந்தால் அதையே சான்றாக நீட்டியிருப்பார்கள். போவாஸ் தன் காதைச் சந்தேகப்பட்டார். சொன்னவர்கள் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒலி அவர் காதுக்குப் பழக்கமில்லை. தெரிந்த ஒலிகளில் எது பக்கத்தில் வந்ததோ அதைக் கை அன்றைக்கு எழுதியிருக்கிறது. ஆய்வாளர்கள் செய்த பிழைகளில் அவரவர் தாய்மொழியின் சாயல் இருப்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். 1889-இல் வெளிவந்த அந்தக் கட்டுரை சில பக்கங்கள்தான். மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படித் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொன்ன எழுத்தை நான் படித்ததில்லை.

தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் 'ழ' கடல் கடந்து வந்தவர்கள் காதில் பட்ட பாடு நமக்குத் தெரியும். சோழமண்டலம் 'கோரமண்டல்' ஆனபோது அது 'ர' ஆயிற்று. பழவேற்காடு 'புலிகாட்' ஆனபோது அதுவே 'ல' ஆயிற்று. நாம் இரண்டு இடத்திலும் 'ழ' என்றுதான் சொன்னோம்.

இதே தவறை நம் காதும் செய்கிறது. எங்கள் தெருவில் ஒரு வீடு கட்டும் வேலை நடந்தபோது, பீகாரிலிருந்து வந்திருந்த மேஸ்திரி ஒருவர் மத்தியான நேரத்தில் என்னைப் பார்த்தால் 'கானா?' என்று கேட்பார். சென்னையில் வளர்ந்த எனக்கு கானா என்றால் பாட்டு. கையால் சோறு பிசைவது போல் அவர் காட்டிய பிறகுதான், சாப்பிட்டாயிற்றா என்று விசாரிக்கிறார் என்று புரிந்தது. இந்தியில் சாப்பாட்டுக்கு ஒரு 'க', பாட்டுக்கு வேறு 'க', ஒற்றைக் கண்ணருக்கு மூன்றாவதாக ஒரு 'க'. நாலாவது 'க'வும் உண்டு. அது ஆப்பிரிக்க நாடான கானாவின் பெயரில் வருகிறது. நான்கும் அவர்கள் காதில் தனித்தனியாக விழுகின்றன. எனக்கு நான்கும் ஒன்று. 'இந்திக்காரன் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை' என்று நாம் சலித்துக்கொள்ளும்போது, அந்தச் சலிப்பில் பாதி நம் காதைப் பற்றியது.

இப்படித் தன் காதையே அளவுகோலாக்கும் பழக்கத்துக்கு இனமையவாதம் என்று பெயர். அந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கிரஹாம் சம்னர். 1906-இல் வந்த நூலில் அவர் சொன்ன விளக்கம் எளியது. தன் கூட்டத்தை எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்து, மற்றவர்களை அதிலிருந்து அளப்பது. இதில் வெறுப்பு கட்டாயம் இருக்க வேண்டும் என்றில்லை. பலர் இங்கேதான் இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இனவெறி பிடித்தவருக்குத் தன் வெறுப்பு தெரியும். இனமையவாதம் உள்ளவருக்குத் தன்னிடம் ஓர் அளவுகோல் இருப்பதே தெரியாது. தான் சாப்பிடுவது சாப்பாடு, அடுத்தவர் சாப்பிடுவது 'அவங்க சாப்பாடு'. தன் பேச்சு பேச்சு, மற்றவர் பேச்சில் 'ராகம்' இருக்கிறது.

பழங்காலத்திலும் இது இருந்தது. கிரேக்கர்கள், தங்கள் மொழி பேசாதவர்களின் பேச்சு 'பர் பர்' என்று கேட்டதால் அவர்களை 'பார்பரோய்' என்றார்கள். ரஷ்ய மொழியில் ஜெர்மானியரைக் குறிக்கும் சொல் 'ஊமை' என்பதிலிருந்து வந்தது. நம் முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் காவல் நிற்கும் அயல்நாட்டவரை 'உடம்பின் உரைக்கும் உரையா நாவின் படம்புகு மிலேச்சர்' என்கிறார் நப்பூதனார். சட்டை போட்டவர்கள், உடம்பால் பேசுகிறவர்கள், பேசாத நாக்கு உடையவர்கள். அவர்களுக்குப் பேச்சு இல்லாமலா இருந்திருக்கும்? இரவில் தங்களுக்குள் ஊர்க்கதை பேசியிருப்பார்கள், பாடியிருப்பார்கள். பாசறையில் யாருக்கும் அது பேச்சாகக் கேட்கவில்லை. பதிற்றுப்பத்தின் பதிகம் ஒன்று யவனரை 'வன்சொல் யவனர்' என்கிறது. அதுவும் காது கொடுத்த தீர்ப்புதான்.

இதற்கு நேர்மாறான வரியும் நம்மிடம் இருக்கிறது. பட்டினப்பாலை, பல மொழிகள் பெருகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் 'கலந்து இனிது உறையும்' காட்சியைச் சொல்கிறது. ஒதுங்கியோ பொறுத்துக்கொண்டோ வாழ்ந்ததாகச் சொல்லவில்லை, கலந்து இனிதாக வாழ்ந்ததாகச் சொல்கிறது. இந்த வரியை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் பட்டினப்பாலை காட்டுவது துறைமுகம், சரக்கோடு வந்தவர்கள் வாழ்ந்த ஊர். முல்லைப்பாட்டின் மிலேச்சர் கூலிக்குக் காவல் நின்றவர்கள். கையில் சரக்கு உள்ளவனின் மொழியைக் கற்றுக்கொள்ள எல்லோருக்கும் அவசரம் உண்டு. கூலிக்காரனின் மொழியைக் கேட்க அவ்வளவு அவசரம் இருப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இது.

சரி, காது தவறாகக் கேட்பது மனித இயல்பு என்றால், இதில் கவலைப்பட என்ன இருக்கிறது? கேட்டவர் கையில் பேனாவும் பதிவேடும் சட்டமும் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் கவலை. இதற்கு மதுரைப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

1871-இல் ஆங்கிலேய அரசு குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. தச்சன் மகன் தச்சன் ஆவது போல இந்த நாட்டில் திருடன் மகன் திருடன் ஆவான், இங்கே தொழில் சாதியால் வருகிறது, குற்றமும் அப்படித்தான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஒரு சமூகத்தைக் குற்றப் பழங்குடி என்று அறிவித்துவிட்டால், அதில் பிறந்ததே போதும், தனியாக எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை. அதே சட்டத்தின் இன்னொரு பகுதி, 'அலிகள்' என்று அரசு வகைப்படுத்திய மக்களையும் பதிவேட்டில் ஏற்றியது. முதலில் வடக்கில் வந்த சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர்கள் மேல் விழுந்தது.

கள்ளர்கள் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மதுரை வட்டாரத்தில் 'காவல்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு ஊரின் மாடு, தானியம், வீடு எல்லாவற்றுக்கும் ஒரு காவல்காரர் பொறுப்பு. அதற்கு ஊர் கூலி கொடுக்கும். பொருள் களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டியதும் அவர் கடமை. இதைக் குறையே இல்லாத ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். மாட்டை ஓட்டிக்கொண்டு போய், 'துப்புக்கூலி' வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதும் நடந்தது. பயந்து கூலி கொடுத்த ஊர்களும் இருந்தன. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் உரிமை, கடமை, மிரட்டல், பாதுகாப்பு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இங்கிலாந்தில் பழகிய நிர்வாகக் கண்ணுக்கு இரண்டு பெயர்கள்தான் தெரிந்தன. சம்பளம் வாங்கினால் போலீஸ், இல்லாவிட்டால் திருட்டு. போவாஸின் கை பக்கத்தில் இருந்த எழுத்தைப் போட்டது போலவே, அந்தக் கண்ணும் தனக்குத் தெரிந்த சொற்களில் ஒன்றைப் போட்டது. போவாஸ் பிறகு நோட்டைத் திருத்தினார். அரசு ரேகை எடுக்கக் கிளம்பியது.

ஊர்க்காரர்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். பதிவேட்டில் பெயர் ஏறியவர் கைரேகை வைக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் போய் ஆஜராக வேண்டும், வெளியூர் போக 'ராத்திரிச்சீட்டு' வாங்க வேண்டும். புதுமாப்பிள்ளையானாலும் ராத்திரி வீட்டில் படுக்க முடியாது என்ற நிலை. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் இறந்தார்கள். அவர்களுக்காக வாதாடியவர் மதுரையில் வக்கீலாக இருந்த கேரளத்துக்காரர் ஜார்ஜ் ஜோசப். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைப்பது அப்படித்தான் வந்தது.

குறவர்களின் கதை இதைவிட மௌனமானது. கழுதையிலும் மாட்டிலும் உப்பு, தானியம் ஏற்றிக்கொண்டு கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போய் விற்றவர்கள் அவர்களில் ஒரு பிரிவினர். 19-ஆம் நூற்றாண்டில் உப்பு அரசின் ஏகபோகம் ஆனது. ரயில் வந்தது. வழிவழியாக வந்த வியாபாரம் அடிபட்டுப் போனது. ஆனால் நடை நிற்கவில்லை, நடந்துதானே பிழைத்தார்கள்? நிலையான வீடும் நிலமும் இல்லாதவனைச் சந்தேகப்படுவது இங்கிலாந்தில் பழைய வழக்கம். அங்கே 1824-லேயே நாடோடிகளுக்கு எதிரான சட்டம் இருந்தது. அந்த அளவுகோலைத்தான் கப்பலில் கொண்டுவந்தார்கள். வியாபாரம் இருந்தவரை குறவரின் நடைக்கு ஒரு பொருள் இருந்தது. அது போன பிறகு நடையே குற்றம் என்று எழுதப்பட்டது. பல குடும்பங்களைப் பிடித்துக் குடியேற்ற முகாம்களில் போட்டார்கள். ஆந்திராவில் உள்ள ஸ்டூவர்ட்புரம் அப்படிப் பிறந்த ஊர். அதிகாரி ஒருவரின் பெயரை ஊருக்கு வைத்து, நிர்வாகத்தைச் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பிடம் கொடுத்தார்கள். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்க்கவும் சட்டம் இடம் கொடுத்தது. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பழங்குடிக் குழந்தைகளுக்கு நடந்ததும் இதன் உறவுதான். அந்த இரு நாடுகளின் பிரதமர்களும் 2008-இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். அப்படிப் பிரித்தவர்களில் பலர் அந்தப் பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாகவே நம்பினார்கள். என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-இல் நீங்கியது, நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-இல். இன்று தமிழக அரசு 'சீர்மரபினர்' என்று சொல்லும் 68 சமூகங்கள் அந்தப் பதிவேட்டின் வாரிசுகள். பதிவேடு போன பிறகும் பேச்சில் அது மிச்சம் இருக்கிறது. நாம் 'குறவன் மாதிரி' என்று இன்றும் வசவாகச் சொல்கிறோம். வீட்டில் சொல்கிறோம், குழந்தை முன்னால் சொல்கிறோம். குறவரும் நரிக்குறவரும் வேறு வேறு மக்கள் என்பதுகூட நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. குறவர் தமிழ்நாட்டின் பழைய குடி. நரிக்குறவர் வீட்டில் பேசும் வாக்ரிபோலி, குஜராத்தி போன்ற வடநாட்டு மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. பேருந்து நிலையத்தில் ஊசிமணி விற்கும் அம்மா தன் பிள்ளையிடம் பேசுவது நமக்கு ஏதோ சத்தமாகக் கேட்கிறது. அந்தப் பிள்ளை தமிழ்ப் பள்ளிக்கு வரும்போது, வீட்டில் கேட்காத மொழியில் அரிச்சுவடி தொடங்குகிறது. தடுமாறினால் 'இதுங்களுக்குப் படிப்பு ஏறாது' என்று ஒரு பெரிய மனிதர் சொல்லிவிடுவார். 1889-இல் போவாஸ் மறுத்த அதே வாதம். நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். ரேகைச் சட்டத்தால் அடிபட்ட அதே உசிலம்பட்டி வட்டாரத்தில், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் அங்கே முறையான தேர்தல் நடக்கவில்லை. ஆதிக்கத்தில் இருந்தவர்கள் நடக்க விடவில்லை. 2006-இல்தான் நடந்தது. அளக்கப்பட்டு வதைபட்டவர்கள் அடுத்தவரை அளக்க மாட்டார்கள் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். வரலாறு அந்த உறுதியைத் தருவதில்லை. தமிழரை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களின் பம்பாயில் 'மதராசி' என்று விரட்டப்பட்டவர்கள் நாம். இன்று திருப்பூரிலும் சென்னையிலும் 'வடக்கன்' என்ற சொல்லை எவ்வளவு சாதாரணமாக வீசுகிறோம்? அன்று 'மதராசி'யில் தமிழன், மலையாளி, கன்னடன் எல்லாம் ஒன்று. இன்று 'வடக்க'னில் போஜ்புரி பேசுபவர், ஒடியா பேசுபவர், சந்தாலி பேசும் பழங்குடி எல்லாம் ஒன்று. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவின. பீகார் அரசு குழு அனுப்பி விசாரிக்கும் அளவுக்குப் போயிற்று. வதந்தி பொய்தான். ஆனால் ஊருக்குப் போய்விடலாமா என்று அந்தத் தொழிலாளர்களில் பலர் பயந்தது உண்மை. தன்னை நல்ல வார்த்தையில் கூப்பிடும் ஊரில் அந்தப் பயம் அவ்வளவு சீக்கிரம் பற்றியிருக்குமா?

வாசனையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் காதைவிட மூக்கு வேகமாகத் தீர்ப்புச் சொல்லும். 2007-இல் டில்லி காவல்துறை வடகிழக்கு மாநில மாணவர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. அதில் மூங்கில் குருத்து, அகுனி போன்ற 'வாடை அடிக்கும்' உணவுகளை அக்கம்பக்கத்தில் ரகளை ஆகாமல் சமைக்கச் சொல்லியிருந்தார்கள். அகுனி என்பது நாகாலாந்தில் சோயா பயறைப் புளிக்க வைத்துச் செய்வது. எங்கள் குடியிருப்பில் நாகாலாந்துப் பையன்கள் சிலர் தங்கியிருந்தபோது அந்த வாடை முதல் நாள் எனக்கும் தாங்கவில்லை. ஜன்னலைச் சாத்தினேன். பிறகு, ஒரு வீட்டுச் சொந்தக்காரர் எங்கள் வீட்டுக் கருவாட்டு வாடைக்காக எங்களைக் காலி செய்யச் சொன்னதும், அம்மா அடுப்படியில் நின்று அழுததும் நினைவுக்கு வந்தன. ஜன்னலைத் திறந்து வைத்தேன். அந்த வாடை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. என் மூக்குக்குப் பிடிக்காததை அவர்களுடைய குறையாக எழுதாமல் இருந்தால் போதும்.

அப்படியானால் எந்த வழக்கத்தையும் யாரும் கேள்வி கேட்கக் கூடாதா? இந்தக் கேள்வி நியாயமானது. மானுடவியலாளர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1947-இல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தைத் தயாரித்தபோது, அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் சார்பில் போவாஸின் மாணவர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் எழுதிய அறிக்கை, எல்லாப் பண்பாட்டுக்கும் பொதுவான அளவுகோல் சாத்தியமா என்று தயங்கியது. அந்தத் தயக்கத்தின் காரணம் புரிகிறது. ஆனால் 'இது எங்கள் வழக்கம்' என்று சொல்பவர் யார் என்று பார்க்காவிட்டால் நாம் ஏமாந்துபோவோம். 1924-இல் வைக்கத்தில் கோயில் தெருவை அடைத்து வைத்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். அந்தத் தெருவில் நடக்க முடியாதவர்களும் அதே பண்பாட்டுக்குள் பிறந்தவர்களே. அவர்கள் வேறு சொன்னார்கள். ஒரு பண்பாட்டை மதிப்பது என்றால் அதற்குள்ளே நடக்கும் சண்டையையும் கேட்பது. உள்ளே இருப்பவர்களே எதிர்க்கும் கொடுமைக்கு, வெளியே இருப்பவர் பன்மைத்துவம் என்ற பெயரில் முட்டுக் கொடுப்பது அவர்களை இரண்டாம் முறை ஊமையாக்குவது.

பள்ளி ஆண்டு விழாவில் ஒரு குழந்தைக்குத் தலைப்பாகை கட்டி, இன்னொரு குழந்தைக்கு மூங்கில் கூடை கொடுத்து 'வேற்றுமையில் ஒற்றுமை' காட்டுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மேடையில் யாரும் பேசுவதில்லை. அணிந்து காட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒரு முயற்சி எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது. கேரள எழுத்தறிவு இயக்கம், வெளிமாநிலத் தொழிலாளர்கள் நிறைந்த பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கி அவர்களுக்கு மலையாளம் கற்றுக்கொடுத்தது. சங்ஙாதி என்றால் நண்பன். நல்ல வேலை. ஆனால் அதிலும் கற்றுக்கொள்வது வந்தவர்தான். இருப்பவர்கள் அவர் மொழியில் பத்துச் சொல் கற்றுக்கொள்ள ஒரு வகுப்பை நான் எங்கும் பார்த்ததில்லை.

அந்த மேஸ்திரி எங்கள் தெருவில் எட்டு மாதம் இருந்தார். அதற்குள் 'செங்கல்', 'ஜல்லி', 'சாரம்' தொடங்கி 'பரவாயில்லை அண்ணா' வரை பேசினார். 'பழம்' மட்டும் அவருக்குக் கடைசி வரை வரவில்லை. ஒரு நாள் 'பளம்' என்பார், மறுநாள் 'பரம்' என்பார். நான் திருத்துவேன். அவர் பதிலுக்கு, சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் உள்ள அந்த இரண்டு 'க'வை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். உள்ளங்கையை என் வாய்க்கு நேரே நீட்டி வைத்துக்கொள்வார். சாப்பாட்டைச் சொல்லும்போது கையில் காற்று பட வேண்டும், பாட்டைச் சொல்லும்போது படக் கூடாது. முதல் பத்து நாள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் சொன்னேன். ஒருநாள் மத்தியானம் காற்று பட்டது.